நூற்றுப் பத்துக்கு மேலே

நீர்வேலி
2024 பெப்ரவரி 18

அன்புள்ள மயூரதன் அண்ணைக்கு நிவேதனா எழுதுவது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே பனி இன்னும் விடவில்லை என்று பெரியம்மா சொன்னா. நீங்களும் அண்ணியும் குழந்தையும் குளிரில் வருத்தமில்லாமல் இருக்கிறீர்களா?

நேற்று நீங்கள் கூப்பிட்டபோது நான் கிணற்றடிக்குப் போனது உண்மைதான். கோபிக்க வேண்டாம். போனில் கதைக்கச் சொன்னால் எனக்குச் சொல் வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னாலும் அப்படித்தான். பத்தாம் வகுப்போடு நின்றதற்கு அம்மாவின் முழங்கால் வருத்தத்தைக் காரணமாகச் சொல்வோம். "உவள் கதைக்கமாட்டாள், எழுதச் சொன்னால் எழுதுவாள்" என்று எங்கள் கீர்த்திகன் அண்ணை சொல்ல, "அப்ப எழுதட்டும், எனக்கும் அதுதான் வசதி" என்றீர்களாம். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

அண்ணை கொழும்பில் உடைந்த நிலையில் வாங்கி லொறியில் ஏற்றி வந்த நிசான் சில்வியா, வாழைத்தோட்டக் கொட்டிலில் இவ்வளவு காலம் கிடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பிய பெரிய டேர்போவையும் எஞ்சின் கணினியையும் பூட்டிவிட்டார். புகைக்குழாயை வெல்டிங்கில் ஒட்டித் தந்தது அரியாலை லெனாட் அண்ணை. அண்ணையோடு ஒன்றாகப் படித்தவர். ஒட்டுவதும் பகிடி விடுவதும்தான் அவருக்கு வேலை. முதல் தரம் எஞ்சினை எழுப்பியபோது பக்கத்து வளவுப் பரமலிங்கம் மாமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கெலிகொப்டர் வருதெண்டு நான் பங்கர் தேடுறன். உது உங்கடை காரோ?"

"ஓம் மாமா. குண்டு போடாது. உங்கடை கோழியும் இனி முட்டை போடாது" என்றார் லெனாட் அண்ணை.

நீங்கள் சொன்னபடி பக்கத்து இருக்கையில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஓட்டப் பதிவை இதோடு அனுப்புகிறேன். வெயில் கடுமை. புத்தூர்ச் சந்தி வரை நன்றாக இழுத்தது. அதன்பிறகு எஞ்சினுக்குள் கல் உருளுவது போல மெல்லிய சத்தம் கேட்டது. அண்ணைக்குக் கேட்கவில்லையாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி
நிவேதனா


ரொறன்ரோ
2024 பெப்ரவரி 25

அன்புத் தங்கச்சி நிவேதனாவுக்கு,

நாங்கள் சுகம். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் ஒரு சாமானும் இருந்த இடத்தில் இல்லை. சித்தியின் முழங்கால் இப்போது எப்படி?

நீ எழுதிய கல் உருளும் சத்தம் பதிவிலும் அதே இடத்தில் இருக்கிறது. எஞ்சின் தட்டுகிறது. சாதாரணப் பெற்றோல் இந்தக் காற்றைத் தாங்காது. ரவுணில் தொண்ணூற்றைந்து என்ற உயர்தரப் பெற்றோல் கிடைக்கும், இனி அதைத்தான் அடிக்க வேண்டும் என்று கீர்த்தியிடம் சொல். பதிவு மட்டும் வந்திருந்தால் எனக்கு அரைக் கதைதான் தெரிந்திருக்கும். இப்படியே எழுது.

பதிவைத் திறந்தால் மூன்று கோடு தெரியும். நீலம், கால் எவ்வளவு அமத்துகிறது என்பது. சிவப்பு, டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்று. பச்சை, வேகம். நீலம் ஏறினால் சிவப்பும் கூடவே ஏற வேண்டும். கால் கேட்கக் காற்று கொடுக்க வேண்டும். இங்கே கராஜில் என் தொழில் முழுவதும் அவ்வளவுதான்.

எவ்வளவு காற்று, எவ்வளவு பெற்றோல் என்று எஞ்சினுக்குச் சொல்லும் பைலைத் திருத்தி அனுப்புகிறேன். நீயே ஏற்று. கீர்த்தி கை வைத்தால் பொறுமையில்லாமல் எதையாவது கூட்டிவிடுவான். லப்டொப் உன் பொறுப்பு.

சித்திக்கு என் அன்பு.

மயூரதன்


நீர்வேலி
2024 மே 12

அன்புள்ள மயூரதன் அண்ணைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். அம்மா இப்போது பொல்லு இல்லாமல் கிணற்றடி வரை நடக்கிறா.

கார் நன்றாக ஓடுகிறது. சத்தம் இல்லை. கடைசிப் பைலுக்குப் பிறகு நீலமும் சிவப்பும் கை கோத்தது போல ஒன்றாக ஏறுகின்றன. படுத்தாலும் கண்ணுக்குள் அந்தக் கோடுகள்தான். ஒன்றை நான் தொட்டு, அது சரியாக ஓடுவதை முன்பு கண்டதில்லை.

இப்போது வல்லை வெளியில்தான் ஓட்டிப் பார்க்கிறோம். வீடு இல்லை, மரம் இல்லை, இரண்டு பக்கமும் உவர்நிலம். றோட்டு நேராகக் கிடக்கும். முன்னால் வாகனம் போனால் அதை முந்துவதற்கு அண்ணை காரை வெளியே எடுத்து, "நாலு எண்ணு" என்பார். நான் மனதுக்குள் எண்ணுவேன். நாலுக்குள் அவர் திரும்ப உள்ளே வந்துவிடுவார். ஒரு நாளும் பிசகியதில்லை.

கொடிகாமத்தில் ஒருவர் கொழும்பிலிருந்து கார் கொண்டுவந்திருக்கிறார். வல்லையில் ஓட்டப் போட்டி வைப்போமா என்று கேட்டிருக்கிறார். "அவன்ரை கார் எங்கடை வீட்டு நாய் மாதிரி. குலைக்கும், ஓடாது" என்கிறார் லெனாட் அண்ணை. கீர்த்திகன் அண்ணை சிரிக்கிறார், இன்னும் ஓம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் காற்றுக் கூட்டலாமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

நிவேதனா


ரொறன்ரோ
2024 மே 19

அன்புள்ள நிவேதனா,

எல்லோரும் சுகம்தானே? நாங்களும் சுகம்.

கூட்டலாம். புதிய பைலை இணைத்திருக்கிறேன். கீர்த்தி அனுப்பிய கார் வீடியோவைக் கராஜில் எல்லோருக்கும் காட்டினேன். வாழைக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தமா என்று வாயைப் பிளந்தார்கள். ஓட்டம் வைத்தால் கீர்த்தி தோற்கமாட்டான் என்று அவனிடம் சொல். டிசம்பரில் நான் வருவேன். அப்போது ஒரு நாள் முழுக்கக் கார் எனக்கு.

மயூரதன்


நீர்வேலி
2024 யூலை 14

அன்புள்ள மயூரதன் அண்ணைக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

இதை அண்ணைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஓட்டத்துக்கு அவர் ஓம் சொல்லிவிட்டார். சன்னதி முருகன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் வைக்கப் போகிறார்கள். இதோடு வரும் பதிவில் பச்சைக் கோடு எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒருவர் தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். நாங்கள் கடந்த காற்றில் அவர் சைக்கிளோடு உவருக்குள் இறங்கிவிட்டார். விழுந்தாரா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் ஒரு புள்ளியாகிவிட்டார்.

"மெல்லப் போங்கோ அண்ணை" என்றேன்.

"லெனாட், கேட்டியே, எங்கடை ஆள் வாய் திறந்திட்டுது" என்று பின்னுக்குத் திரும்பிச் சிரித்தார். அந்த வேகத்தில் திரும்பினார்.

அம்மாவிடம் சொன்னேன். "சன்னதியான் பாப்பான். ஓட்டத்துக்கு முதல் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பம்" என்றா. லெனாட் அண்ணையிடம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அண்ணை நான் சொல்லிக் கேட்கமாட்டார். கார் கேட்கும்தானே? அவருக்குத் தெரியாமல் கார் மெல்ல ஓடும்படி ஒரு பைல் செய்து தர முடியுமா?

முடியாதென்றால் நான் கேட்டதை மறந்துவிடுங்கள்.

நிவேதனா


ரொறன்ரோ
2024 யூலை 17

அன்புள்ள நிவேதனா,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் பார்த்த நேரத்திலிருந்து மனம் சரியில்லை. பதிவைப் பார்த்தேன். அந்த வேகம் எனக்கும் பயம். கூட்டிக் கொடுத்தது நான்தான்.

முழுக்கக் குறைத்தால் கொட்டிலை விட்டு வெளியே எடுத்த உடனேயே கண்டுபிடித்துவிடுவான். அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். நூற்றுப் பத்து வரைக்கும் எல்லாம் முன்பு போலவே இருக்கும். அதற்கு மேலே போனால் காற்று பாதியாகிவிடும். கால் எவ்வளவு அமத்தினாலும் கொடுக்காது. ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஓட்டத்தில் தோற்பான், பெற்றோலைத் திட்டுவான், கொஞ்சக் காலம் காரை மூடி வைப்பான். டிசம்பரில் நான் வந்து நேரில் கதைக்கிறேன்.

இது நம் இருவரோடும் இருக்கட்டும். பயப்படாதே. நல்ல காரியம்தான் செய்கிறாய்.

மயூரதன்


ரொறன்ரோ
2024 ஓகஸ்ட் 5

அன்புள்ள நிவேதனா,

அம்மா அழுதுகொண்டு சொன்னா. லெனாட் இறந்துவிட்டான் என்றும், கீர்த்திக்கு இடுப்பும் காலும் உடைந்து ஆஸ்பத்திரியில் என்றும். அவனுக்கு நினைவு இருக்கிறதா? சித்தி எப்படி இருக்கிறா? நீ காரில் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

எழுது.

மயூரதன்


ரொறன்ரோ
2024 செப்ரெம்பர் 1

நிவேதனா,

சுகமா? கீர்த்தி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அம்மா சொன்னா. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்தப் பைலை ஏற்றினாயா? அதை மட்டும் எழுது.

மயூரதன்


நீர்வேலி
2024 செப்ரெம்பர் 15

மயூரதன் அண்ணைக்கு,

அண்ணி, குழந்தை சுகமா? அம்மாவுக்கு மறுபடியும் பொல்லு வேண்டியிருக்கிறது. அண்ணை முன்கூடத்தில் கட்டிலில் கிடக்கிறார். பிணையில் விட்டிருக்கிறார்கள். வழக்குக்குத் திகதி போட்டிருக்கிறது.

ஏற்றினேன். கோயிலுக்குப் போவதற்கு முதல் நாள்.

ஓட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் அண்ணையும் லெனாட் அண்ணையும் காரைச் சன்னதிக்குப் பூசைக்குக் கொண்டுபோனார்கள். நான் கோயிலுக்குப் போக முடியாத நாள். இல்லாவிட்டால் முன் இருக்கையில் நான் இருந்திருப்பேன். "உங்கடை முருகன் என்னை உள்ளுக்கு விடுவாரோ அன்ரி?" என்று லெனாட் அண்ணை கேட்டார். "சன்னதியான் ஆரையும் வேண்டாமெண்டு சொல்லுறேல்லை. ஏறு ராசா" என்று அம்மாதான் சொன்னா. அம்மா அதை நினைத்து நினைத்து அழுகிறா.

பூசை முடிந்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசித்துக்கொண்டு திரும்பினார்கள். அச்சுவேலியால் நேரே வந்திருக்கலாம். அண்ணை வல்லை வெளியைச் சுற்றித்தான் வந்தார். மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று முன்னால் போயிருக்கிறது. எதிரே தூரத்தில் பஸ். நடந்ததை அண்ணை எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்.

"வெளியாலை எடுத்தனான். நாலுக்குள்ளை வரலாம், இடம் கிடந்தது. கால் முழுக்க அமத்தினபடிதான். வண்டி இழுக்கேல்லை. லெனாட் காத்து மீற்றரைப் பாத்திட்டு, 'மச்சான், ஊசி இறங்குது' எண்டவன். அவ்வளவுதான்."

பஸ்ஸுக்கு விலக உள்ளே வெட்டியிருக்கிறார். காரின் இடப்பக்கம் டிப்பரின் பின் சில்லுக்குள் போய்விட்டது. லெனாட் அண்ணை இருந்த பக்கம்.

ஒருவரும் அதை நம்பவில்லை. பொலிஸ்காரர் எழுதிக்கொண்டே சிரித்தார். கூட்டாளியைக் கொன்றுபோட்டுக் காரைச் சாட்டுகிறான் என்று சனம் சொல்கிறது. "தம்பி, அப்பிடிச் சொல்லாதை. கேக்கிறவை என்ன நினைப்பினம்" என்று அம்மாவும் சொல்லிவிட்டா.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து லெனாட் அண்ணையின் அம்மா பெர்னடெட் அன்ரி வந்தா. கறுப்புச் சட்டையோடு கட்டிலடியில் இருந்தா.

"தம்பி, வேகமா ஓடினனான் எண்டு ஒருக்காச் சொல்லு. அது காணும் எனக்கு. நான் உன்னை மன்னிச்சிட்டுப் போறன்."

"ஓடினனான் அன்ரி. வேகமாத்தான் ஓடினனான். ஆனா வண்டி இழுக்கேல்லை."

"பிறகும் அதைத்தான் சொல்லுறாய்."

"இழுக்கேல்லை அன்ரி."

அன்ரி எழுந்தா. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "நீயும் உந்தக் காருக்குள்ளை இருந்து திரிஞ்சனீதானே பிள்ளை. உவன் சொல்லுறது மெய்யோ?" என்று கேட்டா. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவ போய்விட்டா.

நான் என்ன செய்ய வேண்டும்?

நிவேதனா


ரொறன்ரோ
2024 செப்ரெம்பர் 18

அன்புத் தங்கச்சி,

நீ சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னா. சாப்பிடு. இங்கே குழந்தைக்குக் காய்ச்சல், மற்றப்படி சுகம்.

ஒன்று சொல்கிறேன், பொறுமையாக வாசி. விபத்தை நீ பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பெற்றோல் பழுதாக இருந்திருக்கலாம். காற்றுக் குழாய் கழன்றிருக்கலாம். பைலால்தான் நடந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சொன்னால் லெனாட் வரப் போவதுமில்லை. உனக்குப் பதினேழு வயது. நல்லதை நினைத்துச் செய்தாய். அதை நீதிமன்றத்தில் யாருக்கு விளங்கப்படுத்துவாய்? கீர்த்தி இனி உன் முகத்தை எப்படிப் பார்ப்பான்? அண்ணிக்கும் இது எதுவும் தெரியாது.

லப்டொப்பில் இருக்கும் அந்தப் பைலையும் நம் கடிதங்களையும் அழித்துவிடு. கீர்த்தி கேட்டால் பெற்றோலாக இருக்கும் என்று நான் சொல்கிறேன். நாள் போகப் போக எல்லாம் ஆறும்.

டிசம்பரில் வர முடியாது போல் இருக்கிறது. கராஜில் வேலை கூட.

மயூரதன்


நீர்வேலி
2024 ஒக்ரோபர் 13

மயூரதன் அண்ணைக்கு,

குழந்தையின் காய்ச்சல் மாறியிருக்கும் என நினைக்கிறேன். அம்மாவுக்கு இரவில் நித்திரை வருகிறது. அண்ணையைக் கட்டிலில் எழுப்பி இருத்துகிறோம்.

நீங்கள் சொன்னபடி அழிப்பதற்குத்தான் லப்டொப்பைத் திறந்தேன். பைலைத் தெரிவு செய்தும் விட்டேன். அப்போது முன்கூடத்தில் அண்ணை அம்மாவோடு கதைப்பது கேட்டது.

"நீங்கள் சொல்லுறதுதான் சரியம்மா. வண்டி இழுத்திருக்கும். நான்தான் பிந்தி எடுத்திருப்பன். லெனாட் ஊசி எண்டு சொன்னதெல்லாம் மயக்கத்திலை கண்ட கனவாக்கும். அன்ரியைக் கூப்பிடுங்கோ. அவ கேட்ட மாதிரியே சொல்லிவிடுறன்."

"அதுதான் ராசா. அதோடை எல்லாம் முடிஞ்சிடும்" என்றா அம்மா.

முடிந்துதான் இருக்கும். ஒரு பொத்தானை அமத்தினால் போதும். அன்ரி மன்னித்திருப்பா, சனம் வாயை மூடியிருக்கும், உங்களுக்கும் நிம்மதி. ஆனால் லெனாட் அண்ணை கடைசியாகச் சொன்னதை அண்ணை ஒருவர்தான் கேட்டவர். அதை அவரே இல்லையென்று ஆக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா குசினிக்குள் போன பிறகு லப்டொப்பைக் கொண்டுபோய் அண்ணையின் மடியில் வைத்தேன். அந்தப் பைலைத் திறந்தேன். நூற்றுப் பத்தில் சிவப்புக் கோடு விழும் இடத்தை விரலால் காட்டினேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஆர் கேட்டது?"

"நான்."

"மயூரதன் அண்ணை செய்து தந்தவரோ?"

"ஓம்."

"எப்ப ஏத்தினனீ?"

"பூசைக்கு முதல் நாள்."

கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மடக்கி எண்ணினார். நாலைத் தாண்டி எண்ணினார். "ஆறு பிடிச்சிருக்கும்" என்றார். "எனக்கு நாலுதான் இருந்தது." "அப்ப அவன் சொன்னவன். ஊசி இறங்குது எண்டு சொன்னவன்தான்" என்றார். உடம்பை அசைக்க முடியாதபடியால் முகத்தைத் துடைக்காமலே அழுதார். நான் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலையில், "வழக்கிலை உதைச் சொல்லமாட்டன். ஓடினவன் நான்" என்றார். "அன்ரிக்குச் சொல்லோணும். நான் சொன்னா நம்பமாட்டா. நீ போ."

அரியாலைக்குத் தனியாகப் போனேன். அன்ரி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். திக்கித் திக்கித்தான் வந்தது. அவ அவசரப்படுத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. உங்கள் பெயரையும் சொன்னேன்.

"நல்லதெண்டுதான் செய்தனீங்களோ ரெண்டு பேரும்?"

"ஓம் அன்ரி."

"அப்ப கீர்த்திகன் பொய் சொல்லேல்லை."

"இல்லை அன்ரி."

"நான் அவனைப் பொய்யன் எண்டு கோயில் முத்தத்திலை வைச்சுச் சொல்லிப்போட்டன்."

எழுந்து கையைக் கழுவினா. சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னா.

"அவனை வந்து பாக்கிறன் எண்டு சொல்லு. ஓடின வேகம் அவன்ரை பிழை. அதை நான் அவனோடை கதைப்பன். உன்னோடை எனக்குக் கதையில்லை. இனி இந்தப் படலைக்குள்ளை வராதை."

இன்று அவ வந்திருக்கிறா. அண்ணையின் கட்டிலடியில் இருக்கிறா. நான் தேத்தண்ணீர் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே இருந்து இதை எழுதுகிறேன். அண்ணை என்னோடு கதைப்பதில்லை. சோறு கொண்டுபோனால் வாங்குவார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார். இப்போது அன்ரியோடு கதைக்கிறார். லெனாட் அண்ணை கடைசியாக எப்படிச் சொன்னவர் என்று அவ மறுபடியும் மறுபடியும் கேட்கிறா. அண்ணை மறுபடியும் மறுபடியும் சொல்கிறார்.

எப்போதாவது நீங்கள் ஊருக்கு வந்தால் முதலில் அரியாலைக்குப் போங்கள். எங்கள் வீட்டுக்குப் பிறகு வரலாம்.

நிவேதனா